ஸ்டைன் அம் ரைன்: ஒரு ரைன் கரைச் சிற்றூரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரைன் ஆற்றின் கரையில், ஜெர்மன் எல்லையை ஒட்டி இருக்கும் சுவிஸ் ஊர் ஸ்டைன் அம் ரைன். மக்கள்தொகை சுமார் 3,500. சுவரோவியம் உள்ள அதன் சதுக்கத்தைப் படம் பிடிக்க உலகமே வருகிறது. அங்கே யார் வாழ்கிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. வழக்கமாக வரும் கேள்விகளோடு, அவசியம் கேட்கப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றிய சிலவற்றையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஊர் சரியாக எங்கே இருக்கிறது?

சுவிட்சர்லாந்தின் வடகிழக்கில், ஷாஃப்ஹவுசன் மாநிலத்தில். ஆல்ப்ஸ் மலையில் பிறக்கும் ரைன் ஆறு கான்ஸ்டன்ஸ் ஏரிக்குள் போய், அதன் மேற்குக் கோடியில் மறுபடியும் ஆறாக வெளியே வருகிறது. அந்தக் கோடிக்கு உன்டர்சே, அதாவது கீழ் ஏரி, என்று பெயர். அது குறுகி ஆறாகும் இடத்தில்தான் ஊர் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம்தான். பனிமலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காடு அடர்ந்த குன்றுகள், அவற்றின் சரிவில் திராட்சைத் தோட்டங்கள், கீழே தெளிந்த பச்சை நீர், அவ்வளவுதான்.

பழைய நகரம் வடகரையில். பாலத்தைத் தாண்டினால் தென்கரையிலும் ஊரின் ஒரு பகுதி உண்டு. ரயில் நிலையம் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

வரைபடத்தில் இந்த ஊர் தன் மாநிலத்தோடு ஒட்டாமல் தனியாகத் தெரிகிறதே?

ஆமாம், ஷாஃப்ஹவுசன் மாநிலம் மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது. ஸ்டைன் அம் ரைன், அதை அடுத்த ஹெமிஸ்ஹோஃபன், ராம்சன், பூக் ஆகிய ஊர்கள் கிழக்குத் துண்டில் வருகின்றன. இங்கிருந்து மாநிலத் தலைநகருக்குப் போக வேண்டுமானால் ஜெர்மனியையோ பக்கத்து துர்காவ் மாநிலத்தையோ கடந்தாக வேண்டும். ரயில் துர்காவ் வழியாகப் போகிறது. ஆற்றின் தென்பக்கம் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தாலே துர்காவ் வந்துவிடும். கிழக்கே சாலையில் போனால் அடுத்த ஊர் ஓனிங்கன், அது ஜெர்மனி.

இந்தச் சிக்கலான எல்லைக்குக் காரணம் பழைய அரசியல். 1484 முதல் ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகள் இந்த ஊர் சூரிச்சின் கையில் இருந்தது. 1798இல் நெப்போலியன் காலத்துப் பிரெஞ்சுப் படை உள்ளே வந்து பழைய சுவிஸ் அமைப்பைக் கலைத்தபோது ஊரை ஷாஃப்ஹவுசனோடு சேர்த்தார்கள். 1803இல் அது உறுதியானது. அதனால் பழைய கட்டடங்கள் பலவற்றில் சூரிச்சின் காலம் தெரியும். நிர்வாகம் மட்டும் ஷாஃப்ஹவுசனுடையது.

ஊர் எப்படி உருவானது?

முதலில் வந்தது கோட்டை. கி.பி. 300ஐ ஒட்டி, பேரரசர் டயோக்ளீஷியன் காலத்தில், ரோமானியர்கள் தென்கரையில் கல்கோட்டை கட்டினார்கள். வடக்கே இருந்து வரும் அலமானி என்ற ஜெர்மானியக் குழுக்களைத் தடுப்பதற்காக ரைன் நெடுகிலும் இப்படிக் கட்டினார்கள். அந்தக் கோட்டைச் சுவரின் எச்சங்கள் இன்றும் இருக்கின்றன. அதற்குள்ளே இப்போது ஒரு சிறிய தேவாலயம் நிற்கிறது.

அடுத்து வந்தது மடம். ஹோஹென்ட்வீல் என்ற குன்றில் இருந்த புனித ஜார்ஜ் மடத்தை ஜெர்மன் அரசர் (பின்னாளில் பேரரசர்) இரண்டாம் ஹென்றி 1007ஐ ஒட்டி ஆற்றங்கரைக்கு மாற்றினார். மடம் வந்ததும் சந்தை வந்தது, சந்தையோடு வணிகர் வந்தார்கள். ஏரியில் வந்த சரக்குகள் ஆற்றுக்குள் நுழையும் வாசல் இது. கப்பல் இங்கே நின்றே ஆக வேண்டும், சுங்கமும் கட்டியே ஆக வேண்டும். ஊரின் செல்வம் அப்படித்தான் சேர்ந்தது.

ஊரார் தங்கள் ஊரையே விலைக்கு வாங்கினார்கள் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். இந்த ஊரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்ல முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

மேலே குன்றில் தெரியும் ஹோஹென்க்ளிங்கன் கோட்டையில் இருந்த பிரபுக்கள்தான் ஊருக்கு அதிபதிகள். 15ஆம் நூற்றாண்டில் அவர்களுக்குக் கடன் முற்றி, உரிமை கிளிங்கன்பெர்க் குடும்பத்துக்குக் கைமாறியது. அந்தக் குடும்பமும் பணமுடையில் விழுந்தது. 1457இல் ஊரார் ஒன்றுசேர்ந்து பணம் திரட்டி, கோட்டையோடு சேர்த்து ஆட்சி உரிமையையும் வாங்கிவிட்டார்கள். அன்றைக்கு ஒரு நாட்டுப்புறச் சிற்றூரின் தச்சரும் படகோட்டியும் ரொட்டிக்காரரும் தங்களுக்கு மேல் பேரரசர் ஒருவரைத் தவிர வேறு அதிபதி இல்லை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. 1459இல் சூரிச்சோடும் ஷாஃப்ஹவுசனோடும் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

ஆனால் அந்தச் சுதந்திரம் 27 ஆண்டுதான் நீடித்தது. வாங்கிய கடனைச் சமாளிக்க முடியாமல் 1484இல் ஊர் சூரிச்சின் ஆளுகைக்குள் போனது. விடுதலைக்காகப் பட்ட கடனே விடுதலையை விழுங்கியது என்பது வருத்தமான உண்மை. இருந்தாலும் உள்ளூர் விவகாரங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை.

'நோ எ வீலி' என்பது என்ன கதை?

'இன்னும் கொஞ்ச நேரம்' என்று உள்ளூர்ப் பேச்சில் சொல்வது. சுதந்திர ஊராக இருந்த அந்த 27 ஆண்டுக்குள் நடந்ததாக ஒரு கதை உண்டு. மேயரே எதிரிகளோடு சேர்ந்து, ஓர் இரவில் ஊர்க்கதவைத் திறந்துவிடச் சதி செய்தார். எதிரிகள் இருட்டில் மதிலுக்கு வெளியே காத்திருந்து நேரமாகிவிட்டதா என்று கேட்க, உள்ளே இருந்த சதிகாரன் 'நோ எ வீலி' என்றான். விடியலுக்கு முன் மாவு பிசைய எழுந்த ரொட்டிக்கடைப் பையன் காதில் அது விழுந்தது. அவன் சத்தம் போட்டு ஊரை எழுப்பினான். சதி முறிந்தது. மேயரைச் சாக்கில் கட்டி ரைனில் போட்டார்கள் என்று கதை முடியும்.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பாட்டி கதை என்று பிரிப்பது கடினம். ஊரார் இதைப் பெரிய நாடகமாகச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்த வெளியில் நடத்துகிறார்கள். நடிப்பது ஊர்க்காரர்களே. பள்ளிப் பிள்ளைகள் முதல் பாட்டிமார் வரை பலரும் பங்கெடுக்கிறார்கள். ஊரைக் காப்பாற்றியவன் ராஜாவோ தளபதியோ இல்லை, ரொட்டிக்கடைப் பையன். அதனால்தான் இது அவர்களுக்கு இவ்வளவு பிடித்த கதையாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சதுக்கத்தில் உள்ள சுவரோவியங்கள் எல்லாமே பழையவையா?

இல்லை, இது பலருக்குத் தெரியாத விஷயம். நகர மன்றக் கட்டடம் உள்ள சதுக்கத்தில் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றின் முகப்பிலும் படம். ஆனால் அவற்றுக்குள் நானூறு ஆண்டு வயது வித்தியாசம் உண்டு.

மூத்தது 'வெள்ளைக் கழுகு' வீடு. 1520களில் தாமஸ் ஷ்மிட் என்ற ஓவியர் வரைந்தது என்று கருதப்படுகிறது. சுவிட்சர்லாந்தில் மறுமலர்ச்சிக் காலப் பாணியில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய வீட்டு முகப்பு ஓவியங்களில் இது ஒன்று. பழைய கதைத் திரட்டுகளில் வரும் நீதிக் கதைகளைச் சன்னல்களுக்கு இடையில் கட்டம் கட்டமாக வரைந்திருக்கிறார். 'சிவப்பு எருது' வீட்டின் ஓவியம் 1615ஐச் சேர்ந்தது.

'சூரியன்' என்ற விடுதியின் முகப்பு 1900இல்தான் வரையப்பட்டது.  கிரேக்க ஞானி டயோஜெனஸ் பீப்பாய்க்குள் உட்கார்ந்திருக்க, மாமன்னர் அலெக்சாண்டர் முன்னால் நிற்கிறார். உனக்கு என்ன வேண்டும் கேள் என்று மன்னர் சொன்னதற்கு, வெயிலை மறைக்காமல் கொஞ்சம் விலகி நில் என்று ஞானி பதில் சொன்ன கதை. சூரியன் என்று பெயர் வைத்த வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைக்காது. நகர மன்றக் கட்டடம் 1539 முதல் 1542 வரை கட்டப்பட்டது. ஆனால் அதன் முகப்பில் உள்ள ஊர் வரலாற்று ஓவியங்கள் 1900ஐ ஒட்டி வந்தவை. 'கல் திராட்சை' வீட்டின் ஓவியம் இன்னும் பிந்தியது. குழந்தைகளுக்கான படங்களால் புகழ்பெற்ற அலோயிஸ் காரிஜியே 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அதை வரைந்தார்.

பழையது குறைவு என்று ஏமாற வேண்டாம். என் பார்வையில் இதுதான் இந்தச் சதுக்கத்தின் சிறப்பு. வீட்டுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயருக்கு ஏற்ற கதையை முகப்பில் வரையும் வழக்கம் ஒரு காலத்தோடு நின்றுவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருக்கிறது.

மடம் என்ன ஆனது? உள்ளே போகலாமா?

போகலாம். கட்டாயம் போங்கள். சதுக்கத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் ஊரின் சிறந்த அறையைப் பார்க்காமலே போகிறார்கள்.

கடைசி மடாதிபதி டேவிட் ஃபொன் விங்கல்ஸ்ஹைம். அவர் ஆற்றைப் பார்த்தபடி ஒரு விழா மண்டபம் அமைத்து, 1515, 1516 ஆண்டுகளில் அதன் சுவர் முழுக்க ஓவியம் தீட்டச் செய்தார். தாமஸ் ஷ்மிட்டும் அம்ப்ரோசியஸ் ஹோல்பைனும் வரைந்தார்கள். அம்ப்ரோசியஸ், உலகப் புகழ்பெற்ற இளைய ஹான்ஸ் ஹோல்பைனின் அண்ணன். ரோம், கார்த்தேஜ் நகரங்களின் பழைய கதைகளுக்கு நடுவில் சுர்சாக் என்ற ஊரின் சந்தையும் அந்தச் சுவரில் இருக்கிறது. பேரரசர்களின் வரலாற்றோடு தம் பக்கத்துச் சந்தைக் கூட்டத்தையும் ஒரே சுவரில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மண்டபம் முடிந்து பத்தாண்டு ஆவதற்குள் கத்தோலிக்க மடங்களை ஏற்காத புராட்டஸ்டன்ட் சீர்திருத்த இயக்கம் சூரிச்சிலிருந்து வந்துவிட்டது. 1525இல் மடம் கலைக்கப்பட்டது. மடாதிபதி ஏரிக்கு அப்பால் ராடோல்ஃப்செல்லுக்குப் போய், அடுத்த ஆண்டே இறந்தார். பிற்காலத்தில் கட்டடம் தனியார் கைக்கு மாறியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபெர்டினாண்ட் ஃபெட்டர் என்ற பேராசிரியரின் குடும்பம் அதை வாங்கியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அவர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை அதைப் பாதுகாப்பதிலேயே செலவிட்டார். இப்போது அது சுவிஸ் கூட்டரசின் சொத்து, அருங்காட்சியகம். குளிர்காலத்தில் மூடியிருக்கும்.

இவ்வளவையும் பராமரிக்க இந்தச் சின்ன ஊருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

வரி, சுற்றுலா, அரசின் பாதுகாப்பு நிதி இவையெல்லாம் உண்டு. அவற்றைத் தாண்டி ஊருக்கென்று ஒரு அறக்கட்டளை இருக்கிறது. யாகோப் வின்ட்லர், எம்மா வின்ட்லர் என்ற உடன்பிறந்தவர்கள் இருவரும் தங்கள் சொத்தை ஊருக்காக விட்டுச் சென்றார்கள். அதில் மருந்து நிறுவனப் பங்குகள் இருந்ததால் செல்வம் நன்றாக வளர்ந்தது. பழைய வீடுகளைப் புதுப்பிப்பது, பண்பாட்டு நிகழ்ச்சிகள், சமூகப் பணிகள் எனப் பலவற்றுக்கு அந்த நிதி போகிறது.

'லிண்ட்வூர்ம்' அருங்காட்சியகமும் அவர்கள் குடும்ப வீடுதான். 1850ஐ ஒட்டி ஒரு வசதியான குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று அறை அறையாகக் காட்டுகிறார்கள். தெருப்பக்கம் பட்டுத்திரை போட்ட வரவேற்பறை. முற்றத்தைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனால் மாட்டுத் தொழுவம், வைக்கோல் பரண். ஒரே கூரைக்குக் கீழ் செல்வமும் விவசாயமும் இருந்ததை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வீடு வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது.

அப்புறம் 1972இல் கிடைத்த பெருமையையும் சொல்ல வேண்டும். கட்டட மரபை நன்றாகக் காக்கும் ஊர்களுக்கு சுவிஸ் மரபுப் பாதுகாப்புச் சங்கம் ஆண்டுதோறும் வாக்கர் பரிசு வழங்குகிறது. அந்தப் பரிசை முதன்முதலாகப் பெற்ற ஊர் ஸ்டைன் அம் ரைன்.

இரண்டாம் உலகப் போரில் நடுநிலை நாட்டு ஊர் மேல் ஏன் குண்டு விழுந்தது?

1945 பிப்ரவரி 22 அன்று நண்பகல் வேளையில் அமெரிக்க விமானங்கள் ஊர் மேல் குண்டு போட்டன. 9 பேர் இறந்தார்கள். பலர் காயமடைந்தார்கள். அன்று நேச நாட்டு விமானப்படைகள் ஜெர்மனி முழுவதும் ரயில் பாதைகளையும் போக்குவரத்தையும் தாக்கிக்கொண்டிருந்தன. வழி தவறி வந்த விமானிகள் கீழே தெரிந்ததை ஜெர்மன் ஊர் என்று நினைத்துவிட்டார்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு ரைன்தான் எல்லை. ஆற்றுக்கு வடக்கே இருப்பது ஜெர்மனி என்று எண்ணுவது எளிது. ஆனால் இந்த ஊர் வடகரையில் இருக்கும் சுவிஸ் ஊர். எல்லையின் இந்தக் கோணல் ஒன்பது உயிர்களைப் பறித்தது. அதே நாளில் ராஃப்ஸ் என்ற எல்லை ஊரிலும் குண்டு விழுந்து ஆட்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 1இல் ஷாஃப்ஹவுசன் நகரத்தில் இதேபோன்ற தாக்குதலில் 40 பேர் இறந்திருந்தார்கள்.

மேற்கு வாசல் கோபுரமான 'உன்டர்டோர்' இடிந்து விழுந்தது. சதுக்கத்தின் ஓவிய வீடுகள் தப்பின. பிறகு கோபுரத்தைப் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினார்கள். இன்றைக்கு அதன் கீழே நடப்பவர்களில் பெரும்பாலோர் அது போருக்குப் பிந்திய கட்டடம் என்று அறிய மாட்டார்கள். 1949இல் அமெரிக்கா சுவிட்சர்லாந்துக்கு எல்லாக் குண்டுவீச்சுச் சேதங்களுக்குமாகச் சேர்த்து 6 கோடி பிராங்குக்கு மேல் இழப்பீடு கொடுத்தது.

ஆற்றில் வெள்ளம் வருமா? தண்ணீர் எப்படி இவ்வளவு தெளிவாக இருக்கிறது?

மலையிலிருந்து ரைன் அடித்துக்கொண்டு வரும் மண்ணும் மணலும் ஏரியின் கிழக்கு முனையிலேயே படிந்துவிடுகின்றன. ஏரி முழுவதையும் கடந்து இங்கே வரும்போது தண்ணீர் வடிகட்டியதுபோல் இருக்கிறது.

கான்ஸ்டன்ஸ் ஏரியில் அணையோ மதகோ கிடையாது. நம் ஊர் ஏரி நிறைந்து கலங்கல் வழியே தானாக வழிவதைப் போலத்தான் அந்தப் பேரேரி இந்த ஊர் வழியே வடிகிறது. ஆகவே ஆண்டு முழுவதும் நீர்மட்டம் இயற்கையாக ஏறி இறங்கும். ஆல்ப்ஸில் பனி உருகும் ஜூன், ஜூலையில் உச்சம். பிப்ரவரியில் மிகக் குறைவு. ஏறினாலும் காட்டாறு போல ஒரே இரவில் பொங்காது, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். 1999 மே மாதத்தில் ஏரி மிக அதிகமாக நிறைந்தபோது கரையோர ஊர்கள் பல நாள் தண்ணீரில் நின்றன.

நீர்மட்டம் குறைந்தாலும் தொல்லைதான். வறண்ட கோடையில் பயணக் கப்பல்கள் தரை தட்டும் என்பதால் சேவையை நிறுத்திவிடுகிறார்கள். 2018இல் அப்படி ஆனது.

மீன்கள் செத்துப்போன செய்தி படித்தேன். அது இந்த ஊரா?

ஆமாம், இந்தப் பகுதிதான். இது எனக்குப் பெரிய வருத்தம் தரும் விஷயம்.

ஏரி முடியும் இடத்திலிருந்து கீழே ஷாஃப்ஹவுசன் வரை உள்ள ரைன், 'எஷ' என்ற மீனுக்குப் பெயர்போனது. முதுகில் பாய்மரம் போலப் பெரிய துடுப்பு உள்ள மீன். குளிர்ந்த, ஓடுகிற, கூழாங்கல் தரையுள்ள நீர்தான் அதற்கு வேண்டும். அணை எதுவும் தடுக்காமல் ஆறு சுதந்திரமாக ஓடும் இந்தப் பகுதி அதற்கு நல்ல இருப்பிடமாக இருந்தது. ஐரோப்பாவிலேயே முக்கியமான எஷ மீன் கூட்டங்களில் ஒன்று இங்கே இருந்தது.

இங்கே ஒரு சிக்கல். ஏரியிலிருந்து வடிவது அடியில் உள்ள குளிர்ந்த நீர் இல்லை. வெயிலில் காய்ந்த மேல்பரப்பு நீர். கோடை கடுமையானால் ஆறு அப்படியே சூடாகிறது. 23 பாகை தாண்டினால் எஷ மீன் தவிக்கத் தொடங்கும், 25ஐத் தாண்டினால் பிழைப்பது அரிது. 2003 கோடையில் இங்கே இருந்த எஷ மீன்களில் மிகப் பெரும்பாலானவை சில நாளில் செத்து மிதந்தன. மீண்டு வர ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. 2018இல் மறுபடியும் அதே கொடுமை.

ஆனால் இரண்டாம் முறை ஊர்கள் சும்மா இருக்கவில்லை. குளிர்ந்த ஓடைகள் ரைனில் கலக்கும் வாய்களைத் தோண்டி ஆழப்படுத்தி, மீன்கள் ஒதுங்குவதற்குக் குளிர்நீர்க் குழிகள் அமைத்தார்கள். அந்த நாட்களில் மீனவர்களும் தன்னார்வலர்களும் அந்த இடங்களில் குளிப்பவர்கள் போய் மீன்களைக் கலைத்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். எல்லா மீன்களையும் காப்பாற்ற முடியவில்லை. சிலவற்றையாவது காப்பாற்றினார்கள்.

ஆற்றில் குளிக்கலாமா? மக்கள் படகு ஓட்டுகிறார்களா?

கோடையில் ஊரே தண்ணீரில்தான் இருக்கும். வேலை முடிந்து வந்து, துணியை நீர்புகாப் பையில் கட்டிக்கொண்டு மேல்துறையில் இறங்கி, நீரோட்டத்தோடு மிதந்து கீழ்த்துறையில் கரையேறுவது அன்றாட வழக்கம்.

இந்தப் பகுதிக்கே உரிய படகு 'வைட்லிங்'. தட்டையான அடிப்பாகம் உள்ள நீண்ட மரப்படகு, நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். கீழ்நோக்கி வரும்போது துடுப்பு போதும். மேலே ஏறும்போது கரையை ஒட்டி, இரும்பு முனை வைத்த நீண்ட கழியை ஆற்றின் அடியில் ஊன்றி உந்த வேண்டும். கால், இடுப்பு, தோள் மூன்றும் ஒன்றாக வேலை செய்யும் அந்த உந்தலைச் சிறு வயதிலேயே படகுச் சங்கங்களில் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். ஆற்றின் நடுவே பச்சை, வெள்ளைப் பலகை வைத்த கம்பங்கள் நிற்கும். அவற்றை 'விஃப' என்பார்கள். கப்பல்கள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுபவை. பச்சைப் பக்கம்தான் வழி. நீரோட்டம் அமைதியாகத் தெரிந்தாலும் மிக வேகமானது. ரப்பர் படகில் அரட்டை அடித்தபடி வந்து இந்தக் கம்பத்தில் மோதிக் கவிழ்கிறவர்கள் உண்டு. உயிர்ச்சேதமும் நடந்திருக்கிறது. படகுகளை ஒன்றோடொன்று கயிற்றால் கட்டவே கட்டாதீர்கள். ஒரு படகு ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் போனால் கயிறு கம்பத்தில் சிக்கிக்கொள்ளும். நன்றாக நீந்தத் தெரியாதவர் இந்த ஆற்றில் இறங்கவே வேண்டாம்.

ஊரார் என்ன வேலை செய்கிறார்கள்?

உணவகம், விடுதி, கடை, கைத்தொழில், சிறு நிறுவனங்கள். குன்றுச் சரிவில் திராட்சை, பெரும்பாலும் பினோ நுவார் என்ற சிவப்பு ரகம். நிறையப் பேர் காலை ரயிலில் ஷாஃப்ஹவுசனுக்கோ வின்டர்தூருக்கோ வேலைக்குப் போகிறார்கள்.

எல்லை ஊர் என்பதால் சாமான் வாங்க ஜெர்மனியில் உள்ள சிங்கன் நகரத்துக்குப் போவது சர்வசாதாரணம். அங்கே விலை குறைவு. உள்ளூர்க் கடைக்காரர்களுக்கு இது நிரந்தரத் தலைவலி. 2025 ஜனவரி முதல் ஒரு ஆள் வரியில்லாமல் கொண்டுவரக்கூடிய சரக்கின் மதிப்பை 300 பிராங்கிலிருந்து 150 ஆகக் குறைத்துவிட்டார்கள். அப்படியும் வண்டிகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. நாலு சமையலறைச் சாமானின் விலையைக் கூட்டிப் பார்க்கும் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஊருக்குள் இறைச்சிக்கடையும் ரொட்டிக்கடையும் மூடப்பட்டால் முதலில் கஷ்டப்படப்போவது வண்டி ஓட்ட முடியாத முதியவர்கள்தான்.

வாக்களிக்காவிட்டால் அபராதம் என்பது உண்மையா?

உண்மை. சுவிட்சர்லாந்தில் வாக்களிப்பதைக் கட்டாயமாக வைத்திருக்கும் ஒரே மாநிலம் ஷாஃப்ஹவுசன். 65 வயது வரை இந்தக் கடமை உண்டு. காரணமில்லாமல் தவறினால் 6 பிராங்க் அபராதம். தொகை சின்னதுதான், ஆனால் நாட்டிலேயே அதிக வாக்குப்பதிவு பெரும்பாலும் இங்கேதான். ஆண்டுக்குச் சில முறை வாக்குச்சீட்டு வீட்டுக்கே தபாலில் வரும். நாட்டின் சட்டம், மாநில விவகாரம், ஊர்ப் பள்ளிக் கட்டடம் எல்லாமே அந்த உறைக்குள் ஒன்றாக வரலாம்.

ஊரை நடத்துவது மேயர் உட்பட 5 பேர் கொண்ட நகர மன்றம். அதைக் கேள்வி கேட்க 13 உறுப்பினர்கள் கொண்ட ஊர்ப் பேரவை. இவர்களில் பெரும்பாலோருக்கு வேறு தொழில் உண்டு. மாலையில் வந்து வரவுசெலவைப் பார்க்கிறார்கள்.

வெளிநாட்டவர் அங்கே குடியுரிமை பெற முடியுமா?

பெறலாம், ஆனால் நாடு மட்டும் தந்தால் போதாது. சுவிஸ் குடியுரிமை ஊர், மாநிலம், கூட்டரசு என்று மூன்று நிலையில் உண்டு. மூன்றும் சம்மதிக்க வேண்டும். பொதுவாகப் பத்தாண்டு நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும், நிரந்தர வதிவிட அனுமதி வேண்டும், மொழி தெரிய வேண்டும். 8 வயது முதல் 18 வயது வரை அங்கே கழித்த ஆண்டுகள் இரட்டிப்பாகக் கணக்கில் வரும். சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது, எந்த ஊரின் குடிமகன் என்பதுதான் இருக்கும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்து, சுவிஸ் குடியுரிமை எடுத்த நம்மவர்கள் பலரின் கடவுச்சீட்டில் இப்படிப் பெயரே கேள்விப்படாத ஒரு சுவிஸ் ஊரின் பெயர் இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த ஊர் அவர்களைத் தன் குடியாக ஏற்றிருக்கிறது.

அந்த ஊரில் பிறந்து பெயர் பெற்றவர் யாராவது?

யோகான் ருடோல்ஃப் ஷ்மிட். 1590இல் இங்கே பிறந்தவர். இளமையில் துருக்கியரிடம் கைதியாகச் சிக்கி, அங்கேயே மொழியைக் கற்றுக்கொண்டார். விடுதலையான பிறகு அந்த மொழியறிவே அவரை உயர்த்தியது. ஹாப்ஸ்பர்க் பேரரசரின் தூதராகத் துருக்கியரின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) பணியாற்றினார், பிரபுப் பட்டமும் பெற்றார். 1667இல் இறந்தார். வளர்ந்தபின் ஊருக்குத் திரும்பி வாழாவிட்டாலும், பிறந்த ஊருக்குப் பொன்முலாம் பூசிய ஒரு கிண்ணத்தைப் பரிசளித்தார். ஊர் அதை இன்றும் பொக்கிஷமாக வைத்திருக்கிறது.

பக்கத்தில் ஒரு தீவு இருக்கிறதாமே?

ஏரியும் ஆறும் சந்திக்கும் இடத்தில் வெர்ட் தீவு. நிர்வாகப்படி அது துர்காவைச் சேர்ந்தது, ஆனால் நடந்தே போகலாம். மரப்பாலம் ஒன்று உண்டு. செயின்ட் காலன் மடத்தின் தலைவரான புனித ஒட்மார் இங்கே சிறைவைக்கப்பட்டு 759இல் இறந்தார். இப்போது சிறிய தேவாலயமும் பிரான்சிஸ்கன் துறவிகளின் குடியிருப்பும் இருக்கின்றன. தீவைச் சுற்றி வரலாற்றுக்கு முந்தைய மரக்கால் வீடுகளின் எச்சங்கள் நீருக்கடியில் புதைந்து கிடக்கின்றன. 2011இல் யுனெஸ்கோ அவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. துறவிகள் வாழும் இடம், சத்தம் போடாமல் போய் வர வேண்டும்.

சூரிச்சிலிருந்து ஒரே நாளில் போய் வரலாமா? எப்போது போவது நல்லது?

தாராளமாக. வின்டர்தூர் வழியாகவோ ஷாஃப்ஹவுசன் வழியாகவோ ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். நிலையத்தில் இறங்கிப் பாலத்தை நோக்கிப் பத்து நிமிடம் நடந்தால் பழைய நகரம்.

கோடைப் பகலில் சதுக்கம் பேருந்துக் கூட்டத்தால் நிரம்பிவிடும். காலை ஒன்பதுக்கு முன்னாலோ மாலை ஆறுக்குப் பின்னாலோ போனால், ஊரார் சைக்கிளில் பிள்ளைகளைக் கூட்டிப்போவதையும் கடைக்காரர் வாசல் கழுவுவதையும் பார்க்கலாம். சன்னல்களுக்குப் பின்னால் ஆட்கள் குடியிருக்கிறார்கள். எட்டிப் பார்த்துப் படம் எடுப்பது, படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது வேண்டாம். டிசம்பரில் ஊரையே விளக்கால் அலங்கரித்துச் சந்தை நடத்துகிறார்கள், குழந்தைகளோடு போக அது நல்ல காலம்.

நேரம் இருந்தால் திரும்பும்போது ரயிலை விட்டுவிட்டுக் கப்பலில் ஷாஃப்ஹவுசன் வரை போங்கள். கப்பல் வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை ஓடும். வழியில் டீஸ்ஸன்ஹோஃபனில் கூரை போட்ட பழைய மரப்பாலம் மிகத் தாழ்வாக இருக்கும். கப்பலோட்டியின் அறைக்கூரையையே கீழே இறக்கித்தான் அதைக் கடப்பார்கள். கிளம்புவதற்கு முன் அன்றைக்கு நீர்மட்டம் எப்படி, சேவை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.